வட்டம் விழுந்த முட்டைகள்

மயக்க ஊசி போட்டால் கனவு வராது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எனக்கு வந்தது. வற்றிய ஏரி எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அவ்வளவு பெரிதாக வெள்ளைத் தாள் விரித்திருந்தது. தாள் முழுக்கக் கவிழ்த்து வைத்த சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குவளைகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பட்டுப்பூச்சி உட்கார்ந்து முட்டையிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. பூச்சி முட்டையிடுவதற்குச் சத்தமே கிடையாது, ஆனாலும் கேட்டது. எதையும் மிதித்துவிடக் கூடாதே என்று குவளைகளுக்கு நடுவே வெறுங்காலோடு நடந்து போகிறேன். பின்னாலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்த்தால் தருமபுரி ஆஸ்பத்திரியின் மஞ்சள் சுவரும், தலைக்கு மேல் மின்விசிறியும், பக்கத்து ஸ்டூலில் என் வீட்டுக்காரரும் இருந்தார்கள்.

"முழிச்சுட்டியா?" என்றார்.

"முட்டை எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க. அஞ்சு."

"அஞ்சுதானா?" எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "வயித்துல எடமில்லாம ஊசி குத்துனாங்களே, அஞ்சா குடுக்கறது? நம்ம பூச்சி ஒரு ராத்திரில நூத்துக்கணக்குல போடுது!"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார். அரைத் தூக்கத்தில் இருந்த எனக்கு, அஞ்சு போட்ட பூச்சியை யாரும் மதிக்கமாட்டார்களே என்ற கவலை உண்மையாகவே இருந்தது.

பூச்சிக் கதையைச் சொல்லிவிட்டால்தான் அடுத்து நடந்தது புரியும். எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கம். என் வீட்டுக்காரரும் மாமனாரும் மல்பெரி பயிர் வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். நான் பாலக்கோடு பக்கம் ஒரு முட்டை உற்பத்தி மையத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். விவசாயிகளுக்குக் கொடுக்கிற புழு முட்டையை அங்கேதான் தயார் செய்வார்கள். தாய்ப் பூச்சியைத் தாளின் மேல் விட்டுக் குவளையால் மூடி வைத்தால், விடிவதற்குள் முட்டையிட்டு முடித்திருக்கும். அதற்கப்புறம் என் வேலை. தாயை எடுத்துச் சின்னக் கல்வத்தில் போட்டுத் தண்ணீர் விட்டு அரைத்து, அதில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பளபளவென்று நீள்வட்டப் புள்ளிகள் தெரிந்தால் நோய். அது தாயிடமிருந்து முட்டைக்கு இறங்குகிற நோய். புள்ளி ஒன்று தெரிந்தாலும் போதும், அந்தத் தாயின் முட்டை மொத்தமும் நெருப்புக்குப் போகும். நல்ல முட்டை எது, கெட்ட முட்டை எது என்று பிரித்துப் பார்க்கிற பேச்சே கிடையாது. ஏமாந்துபோய் விட்டுவிட்டால் எங்கோ ஒரு விவசாயியின் புழு வீடு முழுக்கச் செத்துக் கிடக்கும்.

அந்த வேலையை நான் வருஷக்கணக்காகச் செய்தேன். நன்றாகவும் செய்தேன். மையத்தில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. என் கண்ணிலிருந்து புள்ளி தப்பாது என்பார்கள்.

பிள்ளைக்காகச் சிகிச்சைக்குப் போன புதிதில் எனக்கு எல்லாமே பழகிய இடம்போல இருந்தது. முட்டை எடுக்கிற நாளில் பவுடர் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, வாசனைத் தைலம் கூடாது, உள்ளே வரும்போது வேறு செருப்பு என்று நர்ஸ் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எங்கள் புழு வீட்டுச் சட்டமும் இதுவேதான். பவுடர் பூசிக்கொண்டு உள்ளே வந்த விருந்தாளியை என் மாமனார் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார், அது சொந்தத் தங்கச்சியாக இருந்தாலும் சரி. அதனால் இந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

இதற்கு முன்னால் ஒரு தடவை வேறு இடத்தில் போய் வந்திருந்தோம். அங்கே எங்கள் கருவைப் பார்த்து எல்லாரும் புகழ்ந்தார்கள். முதல் தரம், படத்தில் போடலாம், அப்படி இப்படி என்றார்கள். வயிற்றில் தங்கவும் செய்தது. இரண்டாம் மாதம் முடிவதற்குள் ஒரு மத்தியான வேளையில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, போய்விட்டது. அதற்கப்புறம் நான் யாருடைய சீமந்தத்துக்கும் போகவில்லை. கூப்பிட்டவர்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்வேன். இன்னொரு பிள்ளையைச் சுமந்து இழக்க என்னால் முடியாது. அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

மஞ்சள் சுவர் அறையில் நான் மறுபடியும் தூங்கிப்போய், இட்லி சாப்பிட்டு, மறுபடியும் கண் சொருகிக் கிடந்த நேரத்தில்தான் லேப் பெண் வந்தாள். சின்னப் பெண். தலையில் நீலத் தொப்பி. முட்டையையும் விந்தணுவையும் சேர்த்து வைத்துக் கருவாக்குகிற வேலை அவளுடையது. அரூர்ப் பக்கத்துக்காரி என்று முன்னமே விசாரித்து வைத்திருந்தேன்.

"அக்கா, முழிச்சிருக்கீங்களா? ஒரு விசயம் கேக்கணும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முட்டைகளைச் சுற்றியிருந்த உறையையெல்லாம் நீக்கிப் பார்த்தாளாம். அஞ்சும் முற்றிய முட்டைதான். ஆனால் அதில் மூன்று முட்டைக்குள்ளே ஒரு வட்டம் தெரிகிறதாம்.

"வட்டம்னா?"

"உள்ளாற தட்டையா, தெளிவா, ஒரு தட்டு மாதிரி இருக்குதுக்கா. எப்பவாச்சும் இப்படி வரும். முன்னெல்லாம் இந்த முட்டைய யாரும் தொடவே மாட்டாங்க. அப்புறம் சில எடத்துல போட்டுப் பாத்தாங்க, நல்ல பிள்ளைங்களும் பொறந்திருக்குது. தங்கறது கம்மி, எடை கம்மியா பொறக்குது, கோளாறு வரலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க. இன்னிவரைக்கும் யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. நல்லா இருக்கிற ரெண்டையும் மொதல்ல எடுத்துக்கறோம். மிச்சம் மூணையும் போடறதா, விட்டுடறதான்னு நீங்கதான் சொல்லணும். சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். தலை கொஞ்சம் சுற்றியது. ஆனால் என் வாய் தெளிவாக இருந்தது.

"அஞ்சையும் எரிச்சிடுங்க."

அவள் விழித்தாள். "அஞ்சையுமா? ரெண்டு நல்லா இருக்குதுக்கா."

"ஒரு தாய்க்கு மூணுல தெரிஞ்சா மிச்சம் ரெண்டுலயும் இருக்கும் கண்ணு. கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். மொத்தமா எரிச்சிடறதுதான் சரி."

மயக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்து அவள் என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்லத் தலையாட்டினார்.

"அவ சொல்றது சரிதாங்க. வட்டம் தெரிஞ்சிருச்சுன்னா மொத்தமும்தான் போவணும்."

இரண்டு பேரும் சேர்ந்து தலையாட்டியதைப் பார்த்து அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளை வேண்டும் என்று வருகிறவர்கள் ஒற்றை முட்டைக்காகக் காலில் விழுவார்களாம். அஞ்சையும் கொளுத்தச் சொல்லி எவரும் கேட்டதில்லையாம். பிற்பாடு அவளே சொன்னாள். அன்றைக்கு நாங்கள் ரொம்பப் பொறுப்பான முகத்தோடு உட்கார்ந்திருந்தோம். ஊருக்கு நோய் பரவாமல் தடுக்கிற மாதிரி.

"நீங்க என்னா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். கல்வம், கண்ணாடிச் சில்லு, பளபளக்கும் புள்ளி, நெருப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கதை கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அக்கா, பூச்சிக்குள்ள நீங்க பாக்கறது வெளிய இருந்து வந்த கிருமி. அது தாய்கிட்ட இருந்து முட்டைக்குப் போவும். எரிக்கத்தான் வேணும். இது கிருமி இல்லக்கா. எல்லா முட்டைக்குள்ளயும் இருக்கிற சாமானுதான் இது. பரவலா கெடக்க வேண்டியது, ஒரே எடத்துல கூடிப்போய்க் கெடக்குது. வெளிய இருந்து ஒன்னும் வரல. உங்க முட்டையோட சொந்தச் சரக்கு."

"சொந்தச் சரக்கா?"

"ஆமாங்க்கா. எதனால கூடுதுன்னு கேட்டா எனக்கும் தெரியாது. அதனால கெட்டதே வராதுன்னு சத்தியமும் பண்ண மாட்டன். ஆனா இது நோய் இல்ல."

மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே பென்னாகரம் ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. என் வாழ்க்கையில் எத்தனையோ தாய்களை அரைத்திருக்கிறேன். ஒரு தாயிடமும் இது உன்னோட சொந்தச் சரக்கா என்று கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அங்கே இல்லை.

"நான் பாக்கணும்," என்றேன்.

லேப்புக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். பக்கத்து அறையில் ஒரு திரை இருந்தது, உள்ளே மைக்ராஸ்கோப்பில் தெரிவது அதிலும் தெரியும். என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், நர்ஸ் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, காலுக்கடியில் தரை பஞ்சாக அமுங்க, நான் நடந்து போனேன். விளக்கை அணைத்தார்கள். திரையில் சாம்பல் நிற வெளிச்சம். அதன் நடுவே என் முட்டை.

நான் எதிர்பார்த்த மாதிரி அது அழுக்காக இல்லை. உருண்டையாக, அமைதியாக, தூங்குகிற மாதிரி இருந்தது. உள்ளே ஓரமாக அந்த வட்டம். மேகம் இல்லாத நாளில் எங்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு துண்டு வானம் தெரியும், அப்படி. பளபளப்பு இல்லை, புள்ளி இல்லை. என் கண் தானாக அதைத் தேடியது, பழக்கம். எங்கேயும் இல்லை. ரொம்ப நேரம் பார்த்தேன். நான் பிறந்தபோதே என்னோடு பிறந்து, இத்தனை வருஷம் எனக்குள்ளே இருட்டில் படுத்துக் கிடந்தது, இப்போது வெளியே வந்து என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. இதையா எரிக்கச் சொன்னேன்.

"என்னங்க?" என்று இருட்டில் அவரைக் கூப்பிட்டேன்.

"ம்."

"போடச் சொல்லலாமா?"

"நீ சொன்னா சரி."

"எல்லாம் நான் சொன்னா சரியா? அஞ்சையும் எரிக்கச் சொன்னப்பவும் தலையாட்டுனீங்களே, அதுக்கு என்ன பேரு?"

"பயம்," என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்ததே பெரிது. நான் அதற்கு மேல் சண்டை பிடிக்கவில்லை.

அஞ்சையும் போட்டார்கள். நல்ல முட்டை என்று சொன்ன இரண்டில் ஒன்று கருவாகவே இல்லை. இன்னொன்று மூன்றாம் நாளோடு நின்றுவிட்டது. வட்டம் விழுந்த மூன்றில் இரண்டு பாதியில் மங்கின. கடைசியில் வளர்ந்து நின்றது ஒன்று, அதுவும் வட்டம் விழுந்ததுதான். போனில் அந்தப் பெண் சொல்லிவிட்டு, "என்னக்கா செய்யலாம்?" என்று கேட்டாள். வட்டம் விழுந்த கருவை வைக்க ஒத்துக்கொள்கிறீர்களா என்று டாக்டரம்மாவும் தனியாக ஒரு தடவை கேட்டார். வளைத்து வளைத்துப் பேசாமல் நேராகக் கேட்டார், அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். வையுங்கள் என்றேன்.

வைத்தார்கள். தங்கியது.

அந்த மாதங்களை இப்போது நினைத்தால் எல்லாம் புகை மூட்டத்துக்குள் நடந்த மாதிரி இருக்கிறது. வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். புழு வீட்டை ஒட்டிய அறையில் கட்டில் போட்டுப் படுத்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் புழுக்கள் தழை தின்கிற சத்தம், தூறல் விழுகிற மாதிரி, விடாமல் கேட்கும். அதைக் கேட்டபடியே தூங்குவேன், அதைக் கேட்டபடியே விழிப்பேன், எது பகல் எது சாயங்காலம் என்று தெரியாது. கனவில் வயிறு கண்ணாடியாக இருக்கும். உள்ளே ஒரு குழந்தை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும். திரும்பு, முகத்தைக் காட்டு என்று கெஞ்சுவேன். திரும்பாது. முதுகில் ஏதாவது வட்டம் இருக்கிறதா என்று கனவிலும் என் கண் தேடும். நான் என்ன செய்ய, கண்ணுக்கு வேறு வேலை தெரியாதே.

ஸ்கேனுக்குப் போகும்போதெல்லாம் ஸ்கேன் பார்க்கிற டாக்டரைப் படுத்தி எடுத்தேன். இதயத்தைப் பாருங்கள், முதுகெலும்பைப் பாருங்கள், விரலை எண்ணுங்கள், இன்னொரு தடவை எண்ணுங்கள் என்பேன். அவர் பொறுமையாக எண்ணிக் காட்டுவார். எல்லாம் சரியாக இருக்கிறது, கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். அந்த 'கொஞ்சம் சின்னதாக' என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எழுந்து போகச் சொன்னாலும் போகவில்லை.

தேதிக்கு ஒரு மாதத்துக்கும் மேலே இருக்கும்போதே தண்ணீர் உடைந்துவிட்டது. இண்டூர் தாண்டி ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன என் வீட்டுக்காரர் வந்து சேருவதற்குள் மாமனார்தான் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு தருமபுரிக்கு ஓடினார். வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பெண் குழந்தை. அழுதாள், ஆனால் அது அழுகையே இல்லை, பூனைக்குட்டி முனகுகிற மாதிரி. காட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளங்கை அளவுக்கு ஒரு முகம்தான் எனக்குத் தெரிந்தது.

அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய் வைத்து, வாய் வழியாகப் பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். எடை ஏறவில்லை, இருந்ததும் குறைந்தது. மூச்சு நடுநடுவே மறந்துபோகும், நர்ஸ் வந்து உள்ளங்காலைச் சுண்டினால் ஞாபகம் வந்து மறுபடி இழுப்பாள். கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று மட்டும்தான் குழந்தை டாக்டர் சொன்னார். வேறு எதுவும் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை.

தையல் போட்ட வயிற்றோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாமனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"கண்ணு, ஒன்னு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க மாமா."

"படுக்கைல சிறுத்துப்போன புழுவ நாம என்னா பண்றோம்? பொறுக்கிப் போட்டுட்டு மத்ததப் பாக்கறோம். அது நின்னு கூடு கட்டாதுன்னு நமக்குத் தெரியும். இதுவும் சாமி குடுத்தது, சாமியே கூப்புடுது போல. நீ ஒடம்பக் கெடுத்துக்காத. இன்னொன்னு பாத்துக்கலாம்."

பாசத்தில்தான் சொன்னார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் எனக்குள் ஏதோ வெடித்தது.

"புழுவா? என் புள்ள புழுவா மாமா?" வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "இன்னொன்ன எங்க போய்ப் பொறுக்கறது? மல்பெரித் தோட்டத்துலயா? அவ ஒருத்திதான் நின்னா. நல்லது நல்லதுன்னு சொன்னதெல்லாம் போச்சு, இவ ஒருத்திதான் எங்கிட்ட வந்தா. சிறுத்துதான் வந்திருக்கா, வரட்டும். யாராச்சும் அவளப் பொறுக்கிப் போடறன்னு வந்தா மொதல்ல என்னப் பொறுக்கிப் போடுங்க!"

மாமனாரிடம் நான் அதுவரை குரல் உயர்த்தியதே இல்லை. அவர் எழுந்து போய்விட்டார். தையல் வலியில் நான் குனிந்து அழுதேன். கோபம் தீர்ந்தபிறகு பயம் மட்டும் மிச்சம் இருந்தது. அவள் போய்விடுவாளோ என்கிற ஒரே பயம்.

அந்த நாட்களில்தான் லேப் பெண் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். வட்டம் விழுந்த முட்டையில் பிறந்த பிள்ளைகளைப் பற்றி விடாமல் விசாரித்து வைத்துக்கொள்வார்கள், அப்போதுதான் அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்ல முடியும் என்று முன்னமே சொல்லியிருந்தாள். நல்ல காரியம்தான். ஆனால் அவள் பெயர் திரையில் வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன சொல்வது? இருக்கிறாள் என்றா, இருப்பாளா தெரியாது என்றா? போனை எடுக்கவே இல்லை.

எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நர்ஸ், குழந்தையை வெறும் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து வைத்திருந்தால் உடம்புச் சூடு நிற்கும், மூச்சும் சீராகும், யாராவது வாருங்கள் என்றார். காய்ச்சலோடு என்னை விடமாட்டார்கள். என் வீட்டுக்காரருக்குச் சளி, அவரையும் விடமாட்டார்கள். நர்ஸ் வராந்தாவைச் சுற்றிப் பார்த்தார்.

"நான் வர்றங்க," என்றார் மாமனார்.

குளித்துவிட்டு, துவைத்த வேட்டியோடு, சட்டையில்லாமல் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார். இடுப்பில் எப்போதும் இருக்கிற புகையிலைப் பொட்டலத்தைக் காணோம். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "முந்தாநேத்தே தூக்கிப் போட்டுட்டன். அந்த வாசம் புழுவுக்கே..." என்று சொல்லவந்து, புழு என்ற சொல்லில் நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது, சிரித்தால் வலித்தது.

சாய்வு நாற்காலியில் அவரை உட்காரவைத்து, நரைத்த முடி அடர்ந்த நெஞ்சின் மேல் அவளைக் கவிழ்த்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டினார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். முதலில் அவர் மூச்சே விடவில்லை. அப்புறம் மெதுவாக விட்டார். அவர் நெஞ்சு ஏறினால் அவளும் ஏறினாள், இறங்கினால் இறங்கினாள். காலையில் போய் உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பகலெல்லாம் அந்த அறை அரை வெளிச்சத்தில் இருந்தது. பெட்டிகளில் சின்னச் சின்ன விளக்குகள் மின்னின. நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றபடியே தூங்கினேன் என்று நினைக்கிறேன். எழுந்து பார்க்கும்போதெல்லாம் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

ஒரு காலையில் எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கை கழுவி, அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். குழந்தை டாக்டர் நின்றிருந்தார். மாமனார் நெஞ்சில் கிடந்த அவள் மூக்கில் குழாய் இல்லை.

"ரெண்டு நாளா மூச்ச மறக்கல. எடையும் ஏற ஆரம்பிச்சிருச்சு," என்றார். "இதயம், மூளை எல்லாம் பாத்துட்டம்மா, ஒன்னும் கோளாறு இல்ல. சின்னதா பொறந்துட்டா, அவ்வளவுதான். இனிமே பயமில்ல. நீங்க வாங்கிக்கலாம்."

நான் கையை நீட்டினேன். மாமனார் கொடுக்கவில்லை.

"இப்பதாங்கண்ணு தூங்குனா," என்றார் கிசுகிசுப்பாக. "ஏந்துக்கட்டும், தர்றன். நீ போய் எதாச்சும் சாப்புட்டு வா. மூஞ்சியப் பாரு, காஞ்ச தழை மாதிரி."

எனக்கு அவரோடு சண்டை போடத் தோன்றவில்லை. குனிந்து அவள் முதுகைப் பார்த்தேன். கருகருவென்று பூனை முடி, சுருக்கம், என் அப்பாவின் தோள்பட்டை மாதிரியே ஒரு தோள்பட்டை. அதற்கு மேல் எதையும் தேடவில்லை. வெளியே வந்து படியிறங்கினேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு தள்ளுவண்டிக் கடை. தோசை கேட்டேன். முதல் தோசை எப்படி உள்ளே போனது என்றே தெரியவில்லை. இரண்டாவதைப் பிய்த்து வாயில் வைக்கும்போது போன் அடித்தது. லேப் பெண். இந்தத் தடவை எடுத்தேன். எடுத்துவிட்டேனே தவிர, வாய் நிறையத் தோசை. பேச முடியவில்லை.

"அக்கா?" என்றாள். "அக்கா, என்னாச்சுக்கா?"

நான் மென்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு மாறுவது கேட்டது. "பரவால்லக்கா... சொல்ல வேணாங்க்கா... நான் கேட்டிருக்கக் கூடாது..."

"இருடி," என்றேன் எப்படியோ விழுங்கிவிட்டு. "தோசை சாப்புட்டுட்டு இருக்கன்."



"தோசையா?"

"ஆமா. ரெண்டாவது. அவ அவங்க தாத்தாகிட்ட தூங்கறா. கேட்டாத் தர மாட்டேங்கறாரு."

அந்தப் பெண் போனிலேயே ஓவென்று அழுதுவிட்டாள். அவள் அழுததைக் கேட்டு எனக்கும் வந்துவிட்டது. நடுரோட்டில், இலையைக் கையில் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதேன். கடைக்காரர் பதறிப்போய் ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார். "சட்னி காரமாப் போச்சுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சட்னி ஊற்றச் சொன்னேன்.